மலை மேல் நெட் போனால்: ஏற்காட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, எட்டு மணி இருக்கும், பக்கத்து வீட்டு டீச்சர் கையில் போனோடு வாசலில் வந்து நின்றார். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று நாளாக நெட் இல்லை. கஸ்டமர் கேருக்கு ஒன்பது தடவை போன் செய்துவிட்டார். அன்று சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்திருந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மோடத்தில் சிவப்பு விளக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

"போன்ல என்னங்க டீச்சர் சொன்னீங்க?"

"நெட் வரலைன்னுதாங்க சொன்னேன். ஒன்பது தடவையும் அதையேதான் சொன்னேன்."

அங்கேதான் மூன்று நாளும் போயிருக்கிறது. போனை எடுக்கிறவர் எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கிறார். நம் வீட்டுச் சுவரும் தெரியாது, வாசல் சில்வர் ஓக் மரத்தில் கிளை முறிந்து கம்பி தொங்குவதும் தெரியாது. "நெட் வரலை" என்றால் அவர் முன்னால் இருக்கும் பட்டியலில் முதல் வரியைப் படிப்பார்: மோடத்தை அணைத்துப் போடுங்கள். மறுநாள் போன் செய்தால் வேறொருவர் எடுப்பார், மறுபடியும் அதே முதல் வரி. அந்தப் பட்டியலில் பாதியை நாமே முடித்துவிட்டு, முடித்ததைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் மூன்று நாள் ஒரு நாளாகும். ஆறு வருடமாக மலையில் இருந்துகொண்டு, சேலம் செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். நெட் போனால் என் வேலை போகும். அந்தப் பயத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

இப்போது மலையில் புதிதாகக் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் ஃபைபர் லைன்தான். வீட்டுக்குள் வருவது முடி போன்ற கண்ணாடி இழை, அதற்குள் போவது வெளிச்சம். அந்த வெளிச்சத்தை நெட்டாக மாற்றும் பெட்டியைத்தான் மோடம் என்கிறோம், லைன் பார்க்க வருகிறவர்கள் ஓஎன்டி என்பார்கள். அதன் முன்பக்கம் நாலைந்து விளக்குகள் இருக்கும். போனைக் கையில் எடுப்பதற்கு முன் அவற்றின் நிலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பவர் விளக்கே எரியவில்லை என்றால் அடாப்டர் போயிருக்கலாம். மலையில் கரண்ட் போய்ப் போய் வருவதால் இது அடிக்கடி நடக்கும். அடாப்டர் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் உள்ளது கடையில் கிடைக்கும். கஸ்டமர் கேருக்குப் போகவே வேண்டாம்.

லாஸ் என்ற விளக்கு (பெட்டியில் எல், ஓ, எஸ் என்று மூன்று எழுத்து இருக்கும்) சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வீட்டுக்கு வெளிச்சம் வந்து சேரவில்லை. இதற்கு மோடத்தை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்: பெட்டியின் பின்னால் சொருகியிருக்கும் மெல்லிய ஒயர், பேட்ச் கார்டு என்பார்கள், எங்காவது மடங்கியிருக்கிறதா, பச்சை முனை தளர்ந்திருக்கிறதா என்று. பெருக்கும்போது விளக்குமாறு பட்டும், நாற்காலிக் கால் ஏறியும் போகும். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினால் வெளிச்சம் அந்த மடிப்பிலேயே வெளியேறிவிடும். ஒயர் சுருண்டிருந்தால் ஒரு காபி டபராவின் சுற்றளவுக்குக் குறையாமல் விட்டு வையுங்கள். முனையைக் கழற்ற நேர்ந்தால் அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது லேசர். கண்ணுக்குத் தெரியாத அலை என்பதால் ஒன்றும் இல்லை போலத் தோன்றும், அதுதான் ஆபத்து. குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

லாஸ் அணைந்திருக்கிறது, பான் என்ற பச்சை விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது என்றால் வெளிச்சம் வருகிறது, ஆனால் நிறுவனத்தின் எந்திரத்தோடு கை கோக்க முடியவில்லை. வெளிச்சம் மங்கலாக வந்தாலும் இப்படி ஆகும். பான் நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் லைனில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பில் கட்டும் நாள் தாண்டிவிட்டதா, பிளான் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் லாகின் பக்கக் கோளாறு. அதை உங்கள் வீட்டுக்கு யாரும் வராமலே அவர்கள் இடத்திலிருந்து சரிசெய்ய முடியும். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் அது அடுத்த கதை, கீழே சொல்கிறேன்.

விளக்குகளைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த தேதியும் நேரமும் போட்டோவிலேயே பதிந்துவிடும். பின்னால் இது எவ்வளவு உதவும் என்பது ஒரு தடவை அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ரீசெட் ஓட்டையைத் தொடாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நன்றாக இருக்கும் லைனைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று போனில் சொன்னால் செய்யுங்கள். சுவிட்சை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டு, போடுவது. அதில் ஒன்றும் அழியாது. "ரீசெட் பண்ணுங்க, ஊசி வெச்சு அழுத்துங்க" என்றால் நிறுத்துங்கள். பின்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையில் ஊசியை வைத்துப் பத்து வினாடி அழுத்தினால் மோடம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். உங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் அழிந்தால் பரவாயில்லை. பல இணைப்புகளில் லாகின் பெயர், கடவுச்சொல், விலான் எண் எல்லாம் அதற்குள்தான் போட்டு வைத்திருப்பார்கள். அவையும் அழியும். அப்புறம் லைன் சரியானாலும் ஆள் வந்து மறுபடியும் போட்டுக் கொடுக்கும் வரை நெட் வராது.

"ரீசெட் செய்தால் லாகின் விவரம் அழியுமா? அழிந்தால் அங்கிருந்தே திரும்பப் போட்டுத் தருவீர்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று திட்டமாகச் சொன்னால் செய்யலாம். தயங்கினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். புது இணைப்பு போடும் நாளிலேயே, பொருத்த வந்தவரிடம் லாகின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு எழுதி வாங்கி வைப்பது இன்னும் நல்லது. பெரும்பாலும் தருவார்கள்.

வைஃபையா, லைனா?

மலையில் பழைய எஸ்டேட் பங்களாக்களின் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி கருங்கல். வைஃபை அதைத் தாண்டித் திணறும். ஹாலில் மோடம், படுக்கையறையில் லேப்டாப் என்று வைத்துக்கொண்டு நிறுவனத்தோடு ஒரு வாரம் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், இரண்டு பக்கமும் தவறில்லை.

சோதிப்பது எளிது. ஒரு லேன் ஒயரை மோடத்திலும் லேப்டாப்பிலும் சொருகுங்கள். ஒயரில் நன்றாக வந்து வைஃபையில் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். மோடத்தை உயரமான இடத்தில், வீட்டின் நடுவே மாற்றுங்கள். மோடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை இருக்கும். முதலாவது வேகம், ஆனால் சுவரைத் தாண்டும் பலம் குறைவு. இரண்டாவது வேகம் குறைவு, தூரம் போகும். கல் வீட்டில் தூரத்து அறைக்கு இரண்டாவதுதான்.

ஒயரிலும் பக்கம் திறக்கவில்லை, விளக்குகள் மட்டும் சரியாக இருக்கின்றன என்றால் இன்னொரு சோதனை. லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்று அடித்து, ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று போடுங்கள். பதில் வரிகள் வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் படுத்திருக்கிறது. லேப்டாப்பில் டிஎன்எஸ் எண்ணை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றினால் பெரும்பாலும் அப்போதே சரியாகிவிடும். பதில் வராவிட்டால் போன் செய்யும் நேரம் வந்துவிட்டது.

போனில் பேசும் முறை

நம்பரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். கூகுளில் தேடாதீர்கள். கஸ்டமர் கேர் என்ற பெயரில் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பில்லில் அச்சிட்டிருக்கும் எண், அல்லது நிறுவனத்தின் சொந்த ஆப். ஸ்கிரீனைப் பகிரும் ஆப் எதையாவது இறக்கச் சொன்னாலோ, பத்து ரூபாய் கட்டினால் இன்றே சரியாகும் என்றாலோ போனை வைத்துவிடுங்கள். லைன் பழுதுக்கு யாரும் உங்கள் வங்கி ஓடிபியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

பேச்சை இப்படித் தொடங்குங்கள். நான் டீச்சருக்கு எழுதிக் கொடுத்த வரி இது:

"என் கணக்கு எண் இது. ஏற்காடு, பின்கோடு 636601. ஃபைபர் லைன். மூன்று நாளாக லாஸ் விளக்கு சிவப்பு. மோடத்தை அணைத்துப் போட்டாயிற்று. பேட்ச் கார்டு மடங்கவில்லை, முனை இறுக்கமாக இருக்கிறது. பில் பாக்கி இல்லை. பக்கத்து இரண்டு வீட்டிலும் இதே நிறுவனம்தான், அங்கே நெட் வருகிறது. ஆள் அனுப்பிப் புகார் எண் கொடுங்கள்."

அந்தக் கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டிலும் போயிருந்தால் கோளாறு மெயின் லைனில், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வேலையாகப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் கம்பத்திலிருந்து வீடு வரை உள்ள கம்பியில். இது தெரிந்தால் வருகிறவர் என்ன சாமான் எடுத்து வர வேண்டும் என்பது வரை தெரிந்துவிடும். மலையில் இது பெரிய விஷயம். சேலத்தில் மறந்த சாமானை எடுக்கப் பத்து நிமிஷம். இங்கே இருபது கொண்டை ஊசி வளைவு.

முகவரியும் இங்கே ஒரு தொல்லை. எஸ்டேட்டுக்குள் தெருப் பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. நாகலூர் ரோட்டில் எந்தத் திருப்பம், எந்த எஸ்டேட் கேட், கேட்டிலிருந்து எத்தனையாவது வீடு, கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அந்த எண், எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டவர் கிடைக்காத நேரம் உண்டு என்றால் இன்னொருவர் எண்ணையும் கொடுங்கள். "கஸ்டமரை அழைத்தோம், எடுக்கவில்லை" என்று புகாரை மூடிய கதை எங்கள் பகுதியில் ஏராளம். உண்மையிலேயே அழைத்திருப்பார்கள். மணி அடிக்க டவர் இருந்திருக்காது.

பேசுகிறவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்குப் பேசினீர்கள், என்ன சொன்னார், புகார் எண் என்ன. ஒரு பழைய நோட்டு போதும். புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகார் எங்கும் பதிவாகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், குரலை உயர்த்த வேண்டாம். எடுத்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, உங்கள் கம்பியை அவர் அறுக்கவில்லை. கோபத்தைச் சேர்த்து வையுங்கள், கடிதம் எழுதும்போது தேவைப்படும்.

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"

இந்த ஒரு மெசேஜ்தான் மனுஷனை அழ வைப்பது. மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு நவம்பர் மழையில், எனக்கு 11 நாள் நெட் இல்லை. முதல் புகாரை மூன்றாம் நாள் மூடினார்கள். இரண்டாவதை ஐந்தாம் நாள். மூன்றாவதை ஏழாம் நாள். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு அப்படியே. நடுவில் 20ஆம் தேதி வந்தது, மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, மழையில் முதல் பஸ் பிடித்து, சேலம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டில் உட்கார்ந்து பதினாறு பட்டறைக்கும் போட்டு முடித்தேன். கடைசி ரிட்டர்ன் ஏறும்போது ராத்திரி மணி பத்தேகால். கொலுசு செய்கிறவர்களுக்கு ஒரு நாள் தாமதமானாலும் அபராதம். அவர்கள் என்னை நம்பித்தான் ரசீதுகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த 11 நாளில் கற்றது இது. புகாரைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் மூட வேண்டும் என்று கீழே வேலை செய்கிறவர்களுக்கு நெருக்கடி இருக்கிறது. மழையில் ஏற முடியாத நாளில் ஏறாமலே மூடிவிடுகிறார்கள். நீங்கள் புதிதாக இன்னொரு புகார் கொடுத்தால் கணக்கு மறுபடியும் ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கும், பழைய மூன்று நாளும் காகிதத்தில் இல்லாமல் போகும். ஆகவே மூடிய மெசேஜ் வந்த அன்றே போன் செய்து, "இந்த எண் புகார் தீரவில்லை, இதையே திறங்கள்" என்று கேளுங்கள். முடியாது, புது எண்தான் என்றால், "புதுப் புகாரில் பழைய எண்ணையும் அது தீராமல் மூடப்பட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, குறித்ததைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அன்றே விளக்கை மறுபடியும் போட்டோ எடுங்கள்.

சில நிறுவனங்களில் வேலை முடிந்ததும் உங்கள் போனுக்கு ஓர் எண் வரும், அதைச் சொன்னால்தான் புகார் மூடும். வருவதற்கு முன்பே போன் செய்து, "சார் அந்த நம்பரைச் சொல்லுங்க, நாளைக்கு வந்திடறேன்" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். "வாங்க தம்பி, நெட் வந்ததும் டீ குடிச்சுக்கிட்டே சொல்றேன்" என்றால் போதும், மனம் நோகாது.

லைன் பார்க்கிற தம்பி வரும்போது

கஸ்டமர் கேர் வேறு, மலையேறி வருகிற பையன் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்த்து அவரிடம் எரிந்து விழாதீர்கள். ஓர் ஆளே பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருக்கும். நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் ரோடே தெரியாது. ஈரக் கம்பத்தில், மழையில், ஏறச் சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை. வேலை நாளைக்குத் தள்ளினால் தள்ளட்டும்.

டீச்சர் வீட்டுக்கு வந்த தம்பி வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரை பேட்ச் கார்டு முனையில் வைத்தார், ஒன்றும் காட்டவில்லை. பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து முனையில் சொருகினார். சிவப்பு வெளிச்சத்தை இழைக்குள் அனுப்பும் கருவி அது. "அக்கா, வாங்க மரத்துப் பக்கம் போவோம்" என்று கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மணி ஆறு, பனி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது சில்வர் ஓக்கில், மிளகுக் கொடிக்கு நடுவே, கறுப்புக் கம்பியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது. அணில் உறையைக் கடித்து உள்ளே இழை வரை போயிருந்தது. பகலில் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. கம்பியை வெட்டி, உறையை உரித்து, இழையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, முட்டி போட்டு மடியில் வைத்த மெஷினில் இரண்டு முனையையும் சேர்த்து உருக்கி ஒட்டினார். மூச்சுவிடக்கூடப் பயந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் மீட்டரை வைத்தபோது 21 காட்டியது.

அந்த எண்ணைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். "பவர் எவ்வளவுங்க தம்பி?" என்றால் புரியும். மைனஸ் கணக்கில், டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவே இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் இன்று வரும், நாளை மழையில் போகும். 3 எண் கீழே இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 26 என்று காட்டும்போது "நெட் வந்திடுச்சுங்க" என்று கிளம்பினால், "இன்னொரு ஜாயின்ட் பார்த்துட்டுப் போங்க தம்பி" என்று கேளுங்கள். பல மோடங்களில் இந்த எண்ணை நாமே பார்க்கலாம்: மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் அடித்து உள்ளே போனால் ஆப்டிகல் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும். நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் பார்த்து எழுதி வையுங்கள். பின்னால் அது 22இலிருந்து 26க்கு இறங்கியிருந்தால், லைன் செத்துப்போவதற்கு முன்பே புகார் கொடுக்கலாம். "முன்பு 22, இப்போது 26" என்று சொல்கிற வாடிக்கையாளரிடம் யாரும் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வதில்லை.

வீட்டுக்கு வெளியே உள்ள கம்பியைச் சரிசெய்வது பொதுவாக நிறுவனத்தின் வேலை. பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். அன்பாக ஐம்பதோ நூறோ கொடுப்பது உங்கள் இஷ்டம், அது வேறு.

வேகம் மட்டும் குறைவென்றால்

இந்தப் புகாரை நிரூபிப்பது கடினம், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். வைஃபையில் எடுத்த ஸ்பீடு டெஸ்ட்டை யாரும் ஏற்கமாட்டார்கள். லேன் ஒயரில், மற்ற போன்களை நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும், மூன்று நாள் எடுங்கள். காலையில் நன்றாக இருந்து ராத்திரி மட்டும் விழுந்தால் மேலே நெரிசல். 100 மெகாபிட்டுக்கு மேற்பட்ட பிளான் எடுத்தும் எப்போதும் சரியாக 95 பக்கத்திலேயே நின்றால் உங்கள் லேன் ஒயரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம். பிளானில் சொல்வது மெகாபிட், கோப்பு இறங்கும்போது கம்ப்யூட்டர் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 100 மெகாபிட் என்றால் 12 மெகாபைட் சொச்சம்தான் காட்டும். அது குறைபாடு கிடையாது.

கீழே தீராவிட்டால் மேலே

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, நிறுவனங்களில் புகாருக்கு இரண்டு படி உண்டு. முதல் படி புகார் மையம், நாம் போன் செய்வது. அங்கே தீராவிட்டால் இரண்டாம் படி மேல்முறையீட்டு அதிகாரி. அவருடைய மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் நிறுவனத்தின் வலைத்தளத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும். கட்டணம் கிடையாது. மேல்முறையீடு கொடுத்து 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேரடியாக எழுதிக் காத்திருக்காதீர்கள், தனி ஆளின் புகாரை அது விசாரிப்பதில்லை.

என் கடிதத்தில் ஒரு வரி கோபம்கூட இல்லை. மூன்று புகார் எண், கொடுத்த தேதி, மூடிய தேதி, மூடிய அன்று எடுத்த சிவப்பு விளக்கு போட்டோ மூன்று, பேசியவர்கள் பெயர், கேட்பது என்ன என்று இரண்டு வரி. ஏழாம் நாள் ராத்திரி அனுப்பினேன். பதினோராம் நாள் காலை இழையை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினோடு இரண்டு பேர் வந்தார்கள். நெட் இல்லாத நாட்களுக்கு வாடகைத் தள்ளுபடி கேட்டும் எழுதியிருந்தேன். அடுத்த பில்லில் கழித்திருந்தார்கள். தானாகக் கழிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், கேளுங்கள்.

அதிலும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். தொலைத்தொடர்புத் துறை மேல் மத்திய அரசின் குறைதீர் தளமான சிபிகிராம்ஸில் மனு போடலாம். கடைசியாக, சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தொலைத்தொடர்பும் சேவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வழக்கை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2022இல் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. நோட்டும் போட்டோவும் இங்கேதான் சாட்சி.

மழைக்கு முன்னால்

புது இணைப்பு எடுப்பதற்கு முன் விளம்பரத்தை விட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வீட்டில் போய், "போன மழைக்கு எத்தனை நாள் போச்சுங்க, யாருங்க வந்து பார்த்தாங்க?" என்று கேளுங்கள். உள்ளூர் கேபிள்காரர் மூலமாகக் கொடுக்கும் இணைப்பில் ஆள் பக்கத்திலேயே இருப்பார், அது மலையில் பெரிய பலம். கம்பி எந்த மரம் வழியாக வருகிறது என்று பொருத்தும்போதே கூட நின்று பாருங்கள். தை, மாசியில் மிளகு பறிக்க சில்வர் ஓக்கில் ஏணி சாத்துவார்கள், கோடை மழையை ஒட்டி நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள். கம்பி பறிக்கிற உயரத்தில் மரத்தோடு கட்டியிருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை நிச்சயம் அறும். எஸ்டேட் மேஸ்திரியிடம் கம்பியைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பார்த்து வெட்டுவார்கள்.

சித்திரை, வைகாசியில் இடி பலமாக இருக்கும். வானம் இருண்டதுமே அடாப்டரையும் லேன் ஒயரையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, மோடத்தைக் கொல்வது சுவர் பிளக் வழியாக வருவதுதான். மோடத்துக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைத்தால் கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஓடும். வெளிச்சத்தைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், கம்பத்தில் இருக்கும் ஸ்பிளிட்டர் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை, ஆகவே பெரும்பாலும் நெட்டும் வரும்.

மாற்று ஏற்பாடாக இன்னொரு நிறுவனத்தின் சிம் ஒன்று இருக்கட்டும். உங்கள் வீட்டில் எந்த ஜன்னலில் அது எடுக்கிறது என்று இப்போதே சோதித்து வையுங்கள். மே மாதக் கோடை விழாவில் சுற்றுலாக்காரர் கூட்டம் ஏறும்போது அந்த சிம்மும் திணறும், அந்த வாரத்தில் முக்கியமான வேலையை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் வீட்டு மோடத்துக்கு மேலே இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கணக்கு எண், பில்லில் உள்ள கஸ்டமர் கேர் எண், லைன் பார்க்கிற தம்பியின் எண், எஸ்டேட் கேட்டிலிருந்து வீட்டுக்கு வழி, நல்ல நாளில் பார்த்த பவர் மைனஸ் 21. பென்சில் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறார்.